உறுதிமொழி எடுத்த கையோடு விலகல் கடிதம்

தோழர்களே, அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இன்றி எல்லா மக்களுக்கும் நியாயம் செய்வேன் என்று அமைச்சர் உறுதி கூறுகிறார். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை அது. சட்டமன்ற உறுப்பினரின் உறுதிமொழியில் இந்த வரி கிடையாது. ஊராட்சித் தலைவர் அந்த அட்டவணையிலேயே இல்லை. மாநிலச் சட்டப்படிதான் உறுதி எடுக்கிறார். ஆனால், அச்சம் என்ற சொல் யாரைவிடவும் அவருக்குத்தான் பொருந்தும்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் நிலைக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளிருக்காது. இருந்தால், ஆதிக்கச் சாதியார் நிறுத்திய ஒருவர் ஜெயித்து, பதவியேற்றதும் விலகுவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கூலி வேலை அவர்களுடைய காட்டில்தானே? தானாக எழுதிய கடிதமா என்று கேட்காமல் அதை வாங்கிக் கோப்பில் வைத்த அதிகாரியும் அரசியலமைப்புக்கு உண்மையாயிருப்பேன் என்று உறுதி சொன்னவர்தான். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அதற்குள் அடங்கும்.

மேலவளவு முருகேசன் ஜெயித்தபின் விலகவில்லை. 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில், அவரோடு சேர்த்து ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

2006இல் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. சட்டம் பழையதுதான்; மதுரையில் ஆட்சியராக உதயசந்திரன் இருந்தார், அரசும் பின்னால் நின்றது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். படம் வெளியான பிறகே ஊராட்சிச் செயலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.