கியூரி அம்மையாரின் கார்கள்

1914இல் போர் மூண்டபோது, பிரான்சில் எக்ஸ்-கதிர்க் கருவிகள் பெரும்பாலும் நகர மருத்துவமனைகளிலேயே இருந்தன. குண்டடி பட்டோர் போர்முனையில் கிடந்தனர். மேரி கியூரி அம்மையார் செல்வர்களிடம் கார்களைக் கேட்டுப் பெற்றார். பட்டறையில் அவற்றை மாற்றியமைத்து எக்ஸ்-கதிர்க் குழாயும் இருட்டறைத் திரையும் ஏற்றினார். மின்சாரத்துக்கு வழி? காரின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றியது. உடலுள் குண்டு புதைந்த இடத்தை அறிந்த பின்னரே மருத்துவர் கத்தியை எடுக்க முடிந்தது. இத்தகைய கார்கள் சுமார் 20 ஓடின. அம்மையாரும் ஓட்டக் கற்றார். டயர் மாற்றவும் கார்புரேட்டரைத் துடைக்கவும் பழகினார்.

வங்கியாளராகிய எம்மை ஈர்ப்பது மற்றொன்று. தம் நோபல் பதக்கங்களை உருக்கிக்கொள்ளுமாறு அளிக்க முன்வந்தார். பிரான்ஸ் வங்கியினர் மறுத்துவிட்டனர். பரிசுப் பணத்தையோ போர்க்கடன் பத்திரங்களில் இட்டார். நாமாயின் அத்தகைய முதலீட்டைப் பரிந்துரைக்கத் தயங்கியிருப்போம். அவரோ அது திரும்பாதென்று கருதியே இட்டார்.