ஒரு சொட்டு ரத்தமும் மூன்றாம் நாள் காய்ச்சலும்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கம் நம்மவர் வீடுகள் பலவற்றில் சாமி படத்துக்குக் கீழே உள்ள அலமாரியில் குளுக்கோமீட்டர் இருக்கும். பக்கத்திலேயே ஊசி டப்பா, ரத்தக் கொதிப்பு மாத்திரை, கிளினிக் அட்டை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் அது இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பது தோட்டத்துப் பாட்டிமார்களுக்கும் கைவந்த காரியம்.

கோவிட் காலத்தில், 2021 ஜூலையில், வீட்டில் செய்யும் கோவிட் சோதனைக் கருவிகளுக்கு இங்கே முதன்முதலாக நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. சோதனை என்றால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே தளர்ந்துவிட்டது. இப்போது உடம்பில் உள்ள அழற்சியை அளக்கும் சிஆர்பி கருவிகளும் பட்டைகளும் கைபேசி விளம்பரங்களில் வருகின்றன. பிள்ளைகள் பட்டணத்திலிருந்து வாங்கி அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இனிப்பு நீர் எண்ணைப் படிப்பதுபோல இந்த எண்ணைப் படிக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் குத்திப் பார்ப்பது நம் வட்டாரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிஆர்பி என்றால் என்ன?

1930-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புதுப் பொருளைக் கண்டார்கள். அது நிமோனியா கிருமியிலுள்ள 'சி' என்ற கூட்டுச்சர்க்கரையோடு வினைபுரிந்ததால் சி-ரியாக்டிவ் புரதம் என்று பெயர் பெற்றது. அதைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்காவது கிருமி புகுந்தாலோ, புண்ணானாலோ, மூட்டு வீங்கினாலோ கல்லீரலுக்குச் செய்தி போகிறது. அது இந்தப் புரதத்தை ரத்தத்தில் விடுகிறது.

சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி ஏறக்குறைய 2 நாளில் உச்சத்துக்குப் போகும். காரணம் நீங்கிவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நலமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். ஈறு வீங்கியிருந்தால், புகைபிடித்தால், உடல் பருமனாக இருந்தால், வயிற்றில் பிள்ளை இருந்தால்கூடக் கொஞ்சம் ஏறும். ஏன் ஏறியது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

முடக்கு வாதம் உள்ளவர்களுக்கு

பால்வெட்டிலும் செம்பனைக் காட்டிலும் காலமெல்லாம் உழைத்தவர்களுக்குக் கை கால் வலி புதிதல்ல. அதனால் முடக்கு வாதம் வந்தால்கூட 'வேலை செய்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள், பெண்கள் குறிப்பாக. காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி, ஒரு மணி நேரம் மடங்காமல் விறைத்திருந்தால், இரண்டு கை மூட்டுகளும் ஒன்றுபோல் வீங்கினால், அது வெறும் உழைப்பு வலி இல்லை. கிளினிக்கில் சொல்லி, செலாயாங் மருத்துவமனையில் இருப்பதுபோன்ற வாதநோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

நோய் இன்னதென்று உறுதியாகி மருந்து எடுப்பவர்களுக்குத்தான் வீட்டுக் கருவி உண்மையில் பயன்படும். அதுவும் டாக்டர் சொன்ன இடைவெளியில், ஒரே கருவியில் பார்த்து, தேதி போட்டு எழுதி வைத்தால். 40 இருந்தது 22 ஆகி, 9 ஆனது என்ற வரிசை, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டருக்கு உதவும். தனியாக நிற்கும் ஓர் எண் அவ்வளவு உதவாது. சிலருக்கு மூட்டு வீங்கியிருக்கும்போதே சிஆர்பி சாதாரணமாக இருக்கும். லூபஸ் நோயில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே எண் குறைந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காய்ச்சல் வந்தால்

நான் மிகவும் அஞ்சுவது இதைப் பற்றித்தான். டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். டெங்கி வைரஸால் வருவது. அதில் சிஆர்பி பெரும்பாலும் அதிகம் ஏறாது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விரலில் குத்திப் பார்த்து, 8 என்று வந்ததும் 'ஒன்றுமில்லை' என்று படுக்க வைத்தால், அந்த நிம்மதியே கெடுதலாகிவிடும். டெங்கியில் ஆபத்தான கட்டம் 3-ஆம் நாளுக்குப் பிறகு, பல சமயம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து உட்கார முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்கியைப் பார்க்க என்எஸ்1 சோதனையும் ரத்தத்தட்டு எண்ணிக்கையும் வேண்டும். சிஆர்பி அந்த இடத்தை நிரப்பாது.

எலிச் சிறுநீர் நோய் வேறு மாதிரி. நம் வட்டாரம் செம்பனை வட்டாரம்; நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நடப்பட்டது இந்தப் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். செம்பனைப் பழம் விழும் இடத்தில் எலி இருக்கும். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக் கூடு வைப்பதும் அதனால்தான். வாய்க்கால் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் கலந்த எலியின் சிறுநீர் காலில் உள்ள சிறு வெட்டு வழியே உள்ளே போகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. இதில் சிஆர்பி பொதுவாக நன்றாகவே ஏறும். காலத்தோடு கொடுத்தால் ஆன்டிபயாட்டிக் மருந்து குணப்படுத்தும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். 2010 முதல் இது மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். டாக்டரிடம் போனால் 'செம்பனைக் காட்டில் வேலை', 'வாய்க்காலில் இறங்கினேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் கருவியின் எண்ணைவிட மதிப்பு அதிகம்.

டாக்டர் கையில் இருந்தால் இந்தச் சோதனைக்கு வேறொரு நன்மை உண்டு. வியட்நாமில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சளி, இருமல் போன்ற சுவாசத் தொற்றோடு வந்தவர்களுக்கு மருத்துவ நிலையத்தில் விரல் ரத்தத்தில் சிஆர்பி பார்த்தபோது ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் 78 விழுக்காட்டிலிருந்து 64 ஆகக் குறைந்தார்கள். வீட்டில் 30 என்று பார்த்துவிட்டுப் போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை விழுங்குவது இதற்கு நேர்மாறான காரியம்.

குத்தும் முன்பும் பின்பும்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்தால் நீர் கலந்து எண் தவறும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் சோதனைப் பட்டைக்கு ஆகாது. பல பட்டைகளை 30 பாகை வெப்பத்துக்குள் வைக்க வேண்டும். மதியத்தில் தகரக் கூரை வீடு அதைத் தாண்டிவிடும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் விடவே கூடாது.

ஓர் ஊசி ஓர் ஆளுக்கு, ஒரே தடவை. கணவன் மனைவியானாலும் பகிராதீர்கள். ஹெபடைடிஸ் பி அப்படியும் தொற்றும். குத்திய ஊசியைக் கெட்டியான போத்தலில் போட்டு மூடுங்கள், குப்பை அள்ளுபவரின் கையையும் நினைத்து.

வாங்கும் முன் மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவு உண்டா என்று பாருங்கள். 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வேண்டும். எண் லிட்டர் கணக்கா, டெசிலிட்டர் கணக்கா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். ஒன்றில் 5 என்பது மற்றதில் 50. இதயத்துக்காகப் பார்க்கும் சிஆர்பியில் 1-க்குக் கீழ், 3-க்கு மேல் என்ற நுண்ணிய வித்தியாசம்தான் முக்கியம்; 10-இலிருந்து தொடங்கும் மலிவுப் பட்டையில் அது தெரியவே தெரியாது. அதைப் பரிசோதனைக் கூடத்தில் பாருங்கள்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கருவி எதைக் காட்டினாலும் கிளம்பிவிடுங்கள். எழுதி வைத்த குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.