சோளக மாதங்களைக் கடக்கும் செடிகள்

அந்தூரியம், செவ்வரத்தை போன்ற வெப்பமண்டலச் செடிகளைக் குளிர்நாடுகளில் வளர்ப்போர், குளிர்காலம் நெருங்கும்போது அவற்றைத் தொட்டிகளோடு எடுத்து, குழாய்ச் சட்டத்தின்மேல் பொலித்தீன் போர்த்திய, ஓரிருவர் தூக்கி இடம் மாற்றக்கூடிய சிறு பச்சைவீட்டுக்குள் வைத்து வசந்தம் வரும்வரை காக்கின்றனர். அங்கு செடியைக் கொல்வது உறைபனி. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழிறங்கும்போது கலங்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் பனிப்பளிங்குகள் தோன்றிக் கலங்களின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகின்றன. வெப்பமண்டலச் செடிகள் வாடுவதற்கு அத்தனை குளிரும் வேண்டியதில்லை. ஏறத்தாழ 10 முதல் 12 பாகை செல்சியசிலேயே பலவற்றின் கலமென்சவ்விலுள்ள கொழுப்புகள் இறுகத் தொடங்கி, உள்ளிருக்கும் உப்புகள் கசிந்து, இலை கறுத்துவிடுகிறது.

இலங்கையில் உறைபனி என்பது ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்நிலங்கள் அறிந்த துன்பமேயன்றி, புத்தளம் மாவட்டக் கரை அறிந்ததன்று. இங்கு ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகளில்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் இக்கரையிலும் மென்செடி கடந்தாக வேண்டிய கடும்பருவம் ஒன்று உண்டு. அது மே மாதத்தில் தொடங்கிச் செப்டெம்பர்வரை நீளும் சோளகக் காற்றுக்காலம்.

சோளகமாகிய தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து குளிரும் இடங்களில் பெருமழையாகப் பொழிகிறது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகத் தட்டையாகக் கிடக்கும் இக்கரையின் கற்பிட்டித் தீபகற்பத்தில் அதனை மேலே உயர்த்துவதற்கு எதுவும் இல்லாமையால், அது மழையற்ற பலத்த காற்றாகவே கடந்துசெல்கிறது. மாம்புரியில் 2010 முதல் சுழலும் காற்றாலைகள் நம்பியிருப்பதும், பாலாவி உப்பளங்களில் நீரை வற்றச்செய்து உப்பை விளைவிப்பதும் இத்தகைய காற்றே. உப்புப் பாத்தியிலிருந்து நீரைக் கவரும் அந்த ஆற்றல் இலையையும் விட்டுவைப்பதில்லை. இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகளூடாக நீராவி வெளியேறும் ஆவியுயிர்ப்பு, காற்று அடங்கிய வேளையில் இலையை ஒட்டித் தங்கும் ஈரமான மெல்லிய காற்றுப்படையால் மட்டுப்படுகிறது. பலத்த காற்று அப்படையை ஓயாது துடைத்துச் செல்லும்போது, வேரால் ஈடுசெய்ய முடியாத அளவுக்கு நீர் இழக்கப்பட்டு, இலைவாய்கள் மூடிக்கொள்ள, காபனீரொட்சைட்டு உட்புக வழியின்றி ஒளித்தொகுப்பு தளர்கிறது. நீரைத் தாங்கி வைக்காத கற்பிட்டி மணலில், இன்னும் வேர் ஆழப் பதியாத மிளகாய் நாற்றுக்கும் தக்காளி நாற்றுக்கும் இது பெருஞ்சுமை. இதனோடு, கடற்காற்று சுமந்துவரும் நுண்திவலைகள் இலையில் உலர்ந்து உப்பைப் படியவிட்டு விளிம்பைக் கருக்குகின்றன. பறக்கும் மணலோ இளந்தண்டை உராய்ந்து புண்படுத்துகிறது.

இந்நிலையில் குளிர்நாட்டுப் பச்சைவீட்டை அப்படியே கொண்டுவந்து இக்கரையில் நிறுத்தினால் செடி பிழைக்காது. காரணம் அதன் இயற்பியலிலேயே அடங்கியுள்ளது. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் றொபேட் வூட், கறுப்பு அட்டையால் ஆன இரு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதை வெப்பக்கதிர்களைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடேறின. சூடான காற்று மேலெழுந்து வெளியேறுவதாகிய மேற்காவுகை தடுக்கப்படுவதே பச்சைவீடு சூடாவதற்கு முதன்மைக் காரணம் என்பது இதனால் புலனாயிற்று. காற்றோட்டமற்ற சிறு பெட்டியில் அடங்கும் காற்று கொஞ்சமேயாதலால், புத்தளத்து நண்பகல் வெயிலில் அது மிக விரைவாகச் சூடேறும். 30 பாகையில் 70 சதவீத ஈரப்பதன் கொண்ட காற்று, புதிய ஈரம் சேராமல் 40 பாகைக்குச் சூடேறுமாயின், அதன் ஈரப்பதன் 40 சதவீதமளவுக்கு வீழ்ந்து, இலையிலிருந்து நீரை இழுக்கும் வலிமை மூன்று மடங்குக்கு மேலாகிறது. காற்றிலிருந்து காக்கவென்று கட்டிய கூடு, காற்றினும் கொடிதாக நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

எனினும் மூடிய பெட்டி இலங்கைக்கு அந்நியமானதன்று. இத்தீவின் வரலாற்றையே அது ஒருமுறை மாற்றியிருக்கிறது. இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய போத்தலுக்குள் தானே முளைத்த பன்னச்செடி நீரூற்றாமலே வளர்வதை 1829இல் கண்டு, அதன் அடிப்படையில் கண்ணாடி பதித்த மரப்பெட்டிகளை உருவாக்கினார். செடி வெளிவிடும் நீராவி கண்ணாடியில் ஒடுங்கி மண்ணுக்கே திரும்புவதால், உவர்த்திவலையும் காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் நிறைந்த கப்பல் தளத்தில் மாதக்கணக்கில் செடிகள் உயிரோடிருந்தன. 1876இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 1,900க்கு மேற்பட்ட இறப்பர்க் கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அவற்றில் பெரும்பாலானவை உயிருடன் வந்துசேர, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் இறப்பர் வேரூன்றியது. கப்பல் தளத்தின் அந்த மூன்று தீங்குகளும் கற்பிட்டிக் கரையின் தீங்குகளே என்பது கருதத்தக்கது. ஆயின் நேர்வெயில் படாதவாறு காக்கப்பட்டால் மட்டுமே அப்பெட்டி பயன்தரும், பாத்தியில் நிற்கும் நாற்றுக்கோ வெயிலும் வேண்டும்.

ஆகவே இக்கரைக்கு ஏற்ற சிறுகூடு, சட்டத்தை மட்டும் குளிர்நாட்டிலிருந்து பெற்று, போர்வையை மாற்றிக்கொள்வதாகும். பொலித்தீன் சுவருக்குப் பதிலாக வலை கட்டும்போது சூடான காற்று வெளியேற வழி கிடைப்பதோடு, காற்றின் வேகமும் தணிகிறது. முழுச்சுவரில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை அலைக்கழிக்கும். ஏறத்தாழ பாதி காற்றைப் புகவிடும் தடுப்போ அத்தகைய சுழலை எழுப்பாமல் நெடுந்தூரம்வரை வேகத்தைக் குறைக்கும். இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகு வேலியும் இந்த நியதிப்படியே தொழிற்படுகிறது. அதனைப் பழமை என்று ஒதுக்குவது தவறு. நிலைநிறுத்தலும் கவனத்துக்குரியது. மணிக்கு 54 கிலோமீற்றர் வேகக் காற்று, தன்னை முற்றாக மறிக்கும் ஒவ்வொரு சதுர மீற்றர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 14 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தத்தைச் செலுத்துகிறது. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். இளமணலில் அடித்த முளை இதற்கு நிற்காதாகையால், சட்டத்தின் அடிக்குழாய்மேல் மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்குவதே நம்பகமானது.

நீரிழப்புக் குறைந்தால் இறைப்பும் குறையும். கற்பிட்டியில் இது செடியின் நலத்தோடு மட்டும் நிற்பதன்று: கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையிலிருந்தே தோட்டக் கிணறுகள் நீர் பெறுகின்றன, மிகையாக ஊற்றும் நீர் மணலூடே உரத்தைக் கழுவிக் கீழே சேர்ப்பதால், பல கிணறுகளின் நைத்திரேற்று அளவு குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

செப்டெம்பர் இறுதியில் காற்று தணியும்போது வலையை ஒரேநாளில் அகற்றிவிடக் கூடாது. நிழலில் வளர்ந்த இலையின் மெழுகுப் படலம் மெல்லியதாதலால், முதலில் காலை, மாலை வேளைகளிலும் பின்னர் முழுநாளும் திறந்து, ஒன்றிரண்டு வாரங்களில் செடியை வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். ஒக்டோபரில் பெருமழை தொடங்கியதும் அதே சட்டத்தின் கூரைக்கு மட்டும் பொலித்தீன் போர்த்திப் பக்கங்களைத் திறந்துவிட்டால், பெரும்போகத்துக்கான நாற்றுமேடை, கனத்த துளிகளின் தாக்குதலுக்கும் ஈரமிகுதியால் வரும் நாற்றழுகலுக்கும் பெரிதும் தப்பும்.