செல்போனுக்கு உலோகக் கவசம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நாற்றுப் பறிக்கக் குனியும்போது சட்டைப்பையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுவது, டிராக்டர் மட்கார்டில் வைத்ததை மறந்து வண்டியை எடுப்பது, பம்புசெட் தொட்டித் திட்டிலிருந்து சிமென்ட் தரையில் விழுவது... வயலில் செல்போன் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். உடைவது கண்ணாடி மட்டும் என்றால் பரவாயில்லை. வங்கிக் கணக்கு, ஆதார் ஓ.டி.பி., பி.எம். கிசான் பதிவு, உழவன் செயலி, மோட்டாரைத் தூரத்திலிருந்து ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் என எல்லாமே இன்று அந்த ஒரு கருவிக்குள் இருக்கின்றன. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற இடர்களால் தனிப்பட்ட வயலில் ஏற்படும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து போன் ரிப்பேர் கடையில் கிடந்தால் கஷ்டம் யாருக்கு?

இதனால்தான் பலரும் உலோகக் கவர் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால், உலோகம் என்றாலே உறுதி என்று நினைத்து வாங்கினால் காசும் போகும், சிக்னலும் போகும்.

மூன்று வகைகள்

கடையில் எல்லாவற்றுக்கும் 'மெட்டல் கவர்' என்று ஒரே பெயர்தான். உண்மையில் மூன்று வகை உண்டு.

1. பம்பர்: போனின் நான்கு விளிம்புகளை மட்டும் சுற்றி வரும் அலுமினியச் சட்டம். பின்பக்கம் திறந்திருக்கும்.

2. முழுப் பெட்டி: முன்னும் பின்னும் மூடி, ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. உள்ளே சிலிகான் ரப்பர், முன்னால் ஒரு கண்ணாடி.

3. கலப்பு வகை: தடித்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கவரின் முதுகில் மட்டும் உலோகத் தகடு பதித்தது.

அடியைத் தாங்குவது ரப்பர்தான்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டை இருந்தும் பாரத்தில் குலுங்குகிறது. டயர் வண்டி அவ்வளவு குலுங்குவதில்லை. கவரிலும் இதே கதைதான். உலோகம் அடியைப் பரப்பும், கீறலைத் தடுக்கும். ஆனால், அதிர்ச்சியை உள்வாங்குவது உள்ளே இருக்கும் ரப்பர்தான். ரப்பர் இல்லாமல் உலோகம் நேராகப் போனைத் தொட்டுக்கொண்டிருந்தால், விழுந்த அடி அப்படியே கண்ணாடிக்குப் போய்ச் சேரும். எனவே, கவரைத் திறந்து நான்கு மூலைகளிலும் ரப்பர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முன்பக்க விளிம்பு, திரையைவிடச் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையில் படாது.

அட்டையில் 'மிலிட்டரி கிரேடு' என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் எம்.ஐ.எல். 810 சோதனை முறைகளில், பொருளை 4 அடி உயரத்திலிருந்து 26 முறை, வெவ்வேறு கோணங்களில் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் பொருள் விழும் இடம், காங்கிரீட் மேல் வைத்த 2 அங்குல ஒட்டுப்பலகை. வெறும் சிமென்ட் தரையோ கருங்கல்லோ அல்ல. அந்த ராணுவம் கவர்களுக்குச் சான்றிதழ் தருவதும் இல்லை. கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்ளும் வாசகம் அது.

சிக்னலைச் சோதிக்கும் முறை

உலோகம் ரேடியோ அலைகளைத் தடுக்கும். உலோகச் சட்டம் உள்ள போன்களின் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஆன்டெனா வேலை செய்வதற்காக விட்ட வழி அது. உலோகக் கவர் அந்த வழியை மூடினால், டவர் அருகே வித்தியாசம் தெரியாது. தோட்டத்துக்குப் போனதும்தான் தெரியும்.

சோதிப்பது எளிது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் காட்டும். சிக்னல் குறைவாக உள்ள வயல் மூலையில் நின்று, கவர் இல்லாமல் ஒரு முறையும் கவரோடு ஒரு முறையும் பார்க்க வேண்டும். −95 இருந்தது −105 ஆனால், கிடைக்கும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். பிறகு போன் டவரை எட்டிப் பிடிக்க அதிகச் சக்தியைச் செலவழிக்கும். பேட்டரி சீக்கிரம் தீரும். மோட்டார் நின்றுவிட்டதாக ஸ்டார்ட்டர் அனுப்பும் தகவலும் நேரத்துக்கு வராது. 'சிக்னல் குறைந்தால் இரண்டு நாளில் திருப்பித் தருவேன்' என்று கடைக்காரரிடம் பேசிவிட்டு வாங்குவது நல்லது.

அலுமினியமா, எஃகா?

ஒரே அளவு அலுமினியத்தைப் போல எஃகு ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். கனம் கூடினால் சட்டைப்பையிலிருந்து நழுவுவதும் கூடும், விழும் அடியும் பலமாகும். கடையில் ஒரு சிறு காந்தம் வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு கலந்தது. ஒட்டாமல், கையில் கனமாகவும் இருந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம். காந்தம் ஒட்டும் கவர், போனிலுள்ள திசைகாட்டியையும் குழப்பும்.

மருந்து அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் தயாரிக்கக் கூடாது என்பது தெரிந்ததே. கலவையில் நனைத்த கத்தியில் செந்நிறப் படிவு தெரிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கிறோம். மயில்துத்தம் இரும்பை அரிக்கும். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு, அலுமினியத்தில் புள்ளிப் புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். உரம், மருந்து தொட்ட கையைக் கழுவிவிட்டுப் போனை எடுக்க வேண்டும். மாலையில் கவரை ஈரத் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

தண்ணீர் புகுமா?

போனிலோ கவரிலோ ஐ.பி. 67 என்று இருந்தால், 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். வாய்க்காலுக்கு அது போதும், கிணற்றுக்குப் போதாது. முழுப் பெட்டி வகையை வாங்கியதும், போனை வைக்காமல் உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து முடுக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். காகிதம் நனையாவிட்டால் மட்டுமே நம்பலாம்.

ஸ்க்ரூக்களை மோட்டார் பிளாஞ்ச் போல்ட்டைப் போல எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும், ரப்பர் வாஷரும் நகர்ந்துவிடும்.

வெயில், கரண்ட்

நேர் வெயிலில் வரப்பின் மேல் வைத்த உலோகக் கவர் சீக்கிரம் சூடேறி, அந்தச் சூட்டைப் பேட்டரிக்குக் கொடுக்கும். நிழலில் வைக்க வேண்டும். போன் சூடாக இருந்தால் கவரைக் கழற்றிவிட்டு சார்ஜ் போட வேண்டும். உலோகக் கவர் மின்சாரத்தைக் கடத்தும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வேலை செய்யும்போது போனைக் கையிலோ சட்டைப்பையிலோ வைத்திருக்கக் கூடாது.

அடிக்கடி எழும் கேள்விகள்

*உலோகக் கவர் இடியை இழுக்குமா?*
இழுக்காது. செல்போனோ அதன் கவரோ மின்னலை ஈர்ப்பதில்லை. இடி மின்னல் நேரத்தில் திறந்த வயலிலோ மரத்தடியிலோ நிற்பதுதான் ஆபத்து.

*பணம் செலுத்துவதில் தடை வருமா?*
கியூ.ஆர். கோடு மூலம் செலுத்தத் தடையில்லை. போனைத் தொட்டுப் பணம் செலுத்துவதும், வயர் இல்லாத சார்ஜும் முதுகில் உலோகம் இருந்தால் வேலை செய்யாது.

*நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கலாமா?*
வேண்டாம். அரிசித் தூசி துளைகளில் அடைத்துக்கொள்ளும். உடனே அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் காயவைக்க வேண்டும். நன்றாக உலரும்வரை சார்ஜ் போடக் கூடாது.

யாருக்கு எது?

டிராக்டர், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்களுக்கும், கல் நிறைந்த மேட்டுக்காட்டில் வேலை செய்பவர்களுக்கும் ரப்பர் உள்ள அலுமினிய முழுப் பெட்டி பொருந்தும். ஆனால், சிக்னல் சோதனையில் தேற வேண்டும். டவர் எட்டாத தோட்டம் என்றால் உலோகத்தை விட்டுவிட்டுத் தடித்த ரப்பர் கவரே மேல். எதை வாங்கினாலும் போனின் மாடல் எண்ணுக்குச் சரியாகப் பொருந்துவதாகவும், கயிறு கோக்க ஒரு துளை உள்ளதாகவும் பார்த்து வாங்க வேண்டும். கழுத்தில் மாட்டிய கயிறு, போன் விழாமலே தடுத்துவிடும். பயிர்க் காப்பீட்டு விண்ணப்ப எண், கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551, முக்கியமான உறவினர்களின் எண்கள் ஆகியவற்றை வீட்டு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தால், போன் உடைந்தாலும் காரியம் நிற்காது.