பதிவேட்டில் இல்லாத பெயர்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டால் அடுத்த கேள்வி உடனே வரும்: “நீங்கள் எந்தச் சபை?” கத்தோலிக்கரா, மெதடிஸ்தரா, அங்கிலிக்கரா, தென்னிந்தியத் திருச்சபையினரா, அல்லது அண்மைக் காலத்தில் பெருகியுள்ள பெந்தெகொஸ்தே சபைகளுள் ஒன்றைச் சேர்ந்தவரா? அரசாங்கமும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்கெடுக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் கிறிஸ்தவருக்கு இரண்டு நிரல்கள் உள்ளன. ஒன்று ‘உரோமன் கத்தோலிக்கர்’, மற்றது ‘ஏனைய கிறிஸ்தவர்’. “எனக்குச் சபை இல்லை, ஆனால் இயேசுவை வழிபடுகிறேன்” என்று சொல்பவரை எந்த நிரலிலே எழுதுவது?

நேயர்களே, அத்தகையோரைப் பற்றியதே இன்றைய பேச்சு. நான் சைவன், இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிப்பவன். எனக்கு இந்தப் பொருளில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். ஈழத்துக் கிறிஸ்தவ இலக்கியத்தை மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் எதிரே வந்து நின்றிருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் அது ஒருமுறை வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலிலே சொற்களை நோக்குவோம். ‘சபை’ என்றால் கூட்டம். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்திலே ‘எக்ளேசியா’ என்பதும் அழைத்துக் கூட்டப்பட்ட கூட்டத்தையே குறித்தது. கட்டடம், பதிவேடு, ஆயர், யாப்பு எல்லாம் அதன்மேல் பின்னர் ஏறியவை. நம்முடைய தீவுப்பகுதி மக்கள் வழங்கிய சொல் வேறு. கிறிஸ்தவரை அவர்கள் ‘வேதக்காரர்’ என்றார்கள். தேவாலயத்தை ‘வேதக்கோயில்’ என்றார்கள். அந்தச் சொல்லிலே சபை இல்லை, நூல் இருக்கிறது. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை விட்டு, எதை ஓதுகிறவர் என்பதை வைத்தே ஊர் பெயரிட்டது.

சபையில் இருப்பதும் சமயத்தைக் கைக்கொள்வதும் ஒன்றல்ல என்பதைத் தீவுகளின் வரலாறு இரு பக்கத்திலிருந்தும் காட்டுகிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தங்கள் புரட்டஸ்தாந்து சபையிலே ஞானஸ்நானம் பெற்றுப் பாடசாலைத் தோம்பிலே பெயர் பதிந்தவருக்கே அரச உத்தியோகம் கிடைத்தது. திருமணத்தை அங்கே பதிந்தாற்றான் பிள்ளைகளின் முதுசத்துக்குச் சட்டப்படி சிக்கல் இல்லை. ஆகவே பெயர்கள் ஆயிரக்கணக்கிலே பதிவாயின. வீட்டிலோ விரதம் நடந்தது. விரதச் சோறு உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. தோம்பிலே கிறிஸ்தவர், அடுக்களையிலே சைவர். 1795இல் பிரித்தானியர் வந்து, அந்த நெருக்குதல் தளர்ந்ததும் பதிந்த பெயர்களிற் பெரும்பாலானவை கரைந்துபோயின.

இதைப் போன்றதே தீவுகளின் பெயர்க் கதையும். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை நம் தீவுகளுக்கு இட்டனர். ஊர்காவற்றுறை, வேலணை அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் ஆயின. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வரைபடத்தில் எழுதிய அப்பெயர்களுள் டெல்வ்ற் ஒன்றுதான் ஆங்கில வழக்கிலே பரவலாக நிலைத்தது. எழுதி வைப்பதால் மட்டும் ஒரு பெயர் வேர்விட்டுவிடாது.

அதே ஒல்லாந்தர் காலத்திலே மறுபக்கமும் நிகழ்ந்தது. கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பது 1658 முதல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் பறிக்கப்பட்டன. ஆயினும் குருவும் கோயிலும் பதிவேடும் இல்லாமலே பல குடும்பங்கள் செபமாலையை விடாதிருந்தன. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்திலே இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலே கத்தோலிக்கர் யார் என்று வெளிப்படையாகக் கேட்க முடியாது. கழுத்திலே செபமாலையை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதை ஆர்வத்தோடு உற்றுநோக்கும் கண்களைத் தேடியே அவர்களைக் கண்டுகொண்டார் என்பர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் வருவதற்கு முந்திய 29 ஆண்டுகள் அந்த மக்களின் நம்பிக்கையை எந்தப் பதிவேடும் காக்கவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: அவர்கள் சபையை வெறுத்து விலகியவர்கள் அல்லர்; சபை பறிக்கப்பட்டவர்கள். குரு வந்ததும் ஓடிச் சென்று கூடினார்கள்.

பிரித்தானியர் காலத்திலே மிஷன்கள் வந்தன. 1814இல் வெஸ்லியன் மெதடிஸ்தர், 1816இல் அமெரிக்க மிஷன், 1818இல் அங்கிலிக்கத் திருச்சபை மிஷன். குடாநாட்டையும் தீவுகளையும் அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்தனர். ஆகவே ஒருவர் எந்தச் சபையினர் என்பதைப் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. அறிவு கொண்டு ஆராய்ந்து தெரிந்தெடுத்தவர் சிலர். பள்ளிக்கூடம் எங்கே இருந்ததோ அந்தச் சபையிலே சேர்ந்தவர் பலர். “இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த பிணக்குகளை நாம் ஏன் சுமக்க வேண்டும்?” என்ற கேள்வி தமிழ்க் கிறிஸ்தவரிடையே எழுந்தது இதனாலேதான்.

அக்கேள்விக்குத் தமிழகத்திலே மூவகை விடைகள் பிறந்தன. ஒருவகை, பழைய சபையை விட்டுப் புதியதொன்றை அமைப்பது. நெல்லைச் சீமையிலே நாசரேத்தைச் சேர்ந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, வெள்ளை மிஷனரிமாரோடு முரண்பட்டு 1857இல் இந்துக் கிறிஸ்தவ சபையை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், கீழைத்தேச வழிபாட்டு முறைகள் எல்லாம் அங்கே புகுந்தன. அவர் விட்டு வந்தது ஒரு சபை. கட்டியதும் ஒரு சபை.

இரண்டாம் வகை, பெயரே வேண்டாம் என்பது. ஜோன் கிறிஸ்தியன் அருளப்பன் 1840இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையை அமைத்தார். மிஷன் சம்பளமில்லாமல், கடவுளை மட்டும் நம்பி ஊழியம் செய்வது என்ற கொள்கையை அவர் மேற்கொண்டார். அவரோடு உறவு பூண்டிருந்த குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரின் கூட்டத்தார், தாங்கள் எப்பிரிவையும் சேராத வெறும் ‘சகோதரர்’ என்றனர். உலகம் சும்மா இருக்கவில்லை. ‘பிறதரன் சபை’ என்று அதையே பெயராக்கிவிட்டது.

மூன்றாம் வகையே நம் பொருளுக்கு நேரானது: ஞானஸ்நானம் பெறாமலும் பிறந்த சமூகத்தை விடாமலும் கிறிஸ்துவைப் பின்பற்றுவது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்பித்த ஓ. கந்தசாமிச் செட்டியார் இந்நிலையை மறைக்காமல் எடுத்துரைத்தார். கிறிஸ்துவைத் தலைவராக ஏற்பதற்குத் தாம் பிறந்த இந்து சமூகத்தினின்றும் பிரிய வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர் வாதம். பல பத்தாண்டுகளின் பின் ஹெர்பர்ட் ஹோஃபர் என்னும் லூதரன் அறிஞர் சென்னையிலும் தமிழக நாட்டுப்புறங்களிலும் இத்தகையோரைத் தேடி ஆராய்ந்து, 1991இல் ‘சபையில்லாக் கிறிஸ்தவம்’ என்று பொருள்படும் பெயரிலே நூல் வெளியிட்டார். ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள் ஆங்காங்கே தனித்திருக்கும் ஓரிருவர் அல்லர், பெருந்தொகையினர் என்பதையும், அவர்களுட் பெண்கள் பலர் என்பதையும் அந்நூல் காட்டிற்று.

இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிலே உச்சிமுரா கன்சோ என்னும் ஆசிரியர் ‘முக்கியோக்காய்’, அதாவது சபையின்மை, என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அங்கே குருவும் இல்லை, சடங்கும் இல்லை. ஓர் ஆசிரியரைச் சுற்றி அமர்ந்து வேதம் படிப்பதே வழிபாடு. பிரான்சிலே யூதக் குடும்பத்திற் பிறந்த சிமோன் வெய்ல் கிறிஸ்துவிடம் ஆழ்ந்த பற்றுக்கொண்டும், ஞானஸ்நானம் பெறத் தயங்கித் திருச்சபையின் வாசலிலேயே நின்றார். 1943இல் தமது 34ஆம் வயதில் மறைந்தார். சபைக்கு வெளியே நிற்கும் எண்ணற்றவரை விட்டுவிட்டுத் தாம் மட்டும் உள்ளே செல்ல அவர் மனம் ஒப்பவில்லை.

சைவ இலக்கியம் படித்தவர்க்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. பெரியபுராணத்துச் சாக்கிய நாயனாரை நினைத்துப் பாருங்கள். அவர் பௌத்தத் துறவியின் கோலத்தை நீக்கவில்லை. அந்த ஆடையோடே நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டே உணவுண்டார். கண்டவர்க்கு அது பகை. அவர்க்கு அது பூசை. எந்தப் பட்டியலிலே அவரை எழுதுவது என்று சேக்கிழார் தடுமாறவில்லை. நற்செய்தி நூலிலும் இதற்கொப்ப ஓரிடம் உண்டு. தங்களோடு சேராத ஒருவன் இயேசுவின் பெயராலே பேயோட்டுகிறான் என்று சீடர்கள் முறையிடுகிறார்கள். அவனைத் தடுக்க வேண்டாம் என்பதே இயேசுவின் விடை.

ஆனால், அன்பர்களே, இவ்வளவோடு நிறுத்திவிட்டால் பாதியைத்தான் சொன்னவனாவேன். சபை என்பது பதிவேடு மாத்திரம் அன்று. பிள்ளைக்குப் பெயரிடுவது, கலியாணம் பேசுவது, நோயிலே வந்து பார்ப்பது, சாவிலே தோள் கொடுப்பது எல்லாம் அதுவே. சபையில்லாதவரின் நம்பிக்கைக்கு வாழும்போது இடையூறு குறைவு. கேள்வி கடைசியிலே வரும்: உடல் சேமக்காலைக்கா, சுடலைக்கா?

என் பெரியம்மா வேலணையிலே சைவக் குடும்பத்திற் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடமொன்றிலே படித்தவர். அங்கிருந்து கொண்டுவந்த வேதப்புத்தகத்தை ஆயுள் முழுதும் வாசித்தார். காலையிலே விளக்கேற்றித் தேவாரம் சொல்வார். பிறகு ஒரு சங்கீதம் வாசிப்பார். பெரிய வெள்ளியன்று பட்டினி. 1990இல் தீவுப்பகுதியை விட்டு ஓடியபோது காணி உறுதியோடு அந்தப் புத்தகமும் ஒரே பையிலே போயிற்று. “ஏன் பெரியம்மா, நீங்கள் ஞானஸ்நானம் எடுக்கேல்லை?” என்று ஒருமுறை கேட்டேன். “பிள்ளையளின்ரை கலியாணம் இருந்தது, தம்பி. பிறகு யோசிச்சுப் பாத்தன். அவருக்குத் தெரிஞ்சாற் காணும்” என்றார்.

2011இல் அவர் காலமானார். எந்தச் சபையிலும் பெயரில்லாதபடியால் எந்தக் குருவும் உரிமையோடு வர இடமில்லை. பிள்ளைகள் சைவமுறைப்படி கிரியை செய்தார்கள். அது அவர்கள் கடமை. அவருடைய பள்ளித்தோழி ஒருவர் மட்டும் விறாந்தையின் ஓரத்திலே நின்று, வாய்க்குள்ளே செபம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் வாத்தியார் இருக்கும் குடும்பத்திலே வேறு யார் எழுதுவார்கள்? பிறப்பு, கல்வி, மக்கட்பேறு எல்லாம் எளிதாக வந்தன. அவருடைய பக்தியை எழுதும் இடத்திலே பேனா நின்றது. தேவாரத்தை மட்டும் எழுதினால் உண்மையிற் பாதி போய்விடும். கிறிஸ்தவர் என்று எழுதினால் அவர் தாமே எடுக்காத பெயரை நான் கொடுத்ததாகிவிடும். கடைசியிலே ‘காலைதோறும் தேவாரமும் சங்கீதமும் ஓதினார்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த மகன் அந்த வரியைப் பலதரம் வாசித்தார். “சனம் கேக்கும்” என்றார். சிறிது நேரங்கழித்து, “கேக்கட்டும், விடுங்கோ” என்றார். அந்த வரி அச்சாயிற்று.

இத்தகையோருக்காக வாதாடுவதற்கு நான் ஆளல்லன். சபையின் அவசியத்தை வற்புறுத்துவோரிடமும் நியாயமுண்டு. தனித்த விளக்கு காற்றுக்கு அஞ்ச வேண்டியதே. பெரியம்மாவின் பக்தி அவரோடு முடிந்தது, பிள்ளைகளுக்குப் போகவில்லை. சட்டாம்பிள்ளையின் சபையோ அவருக்குப் பின்னும் நீடித்தது. சபைக்கு வெளியே நிற்பவர் கொடுக்கும் விலை இதுவே.

ஆனால் அந்த விலையைக் கொடுத்து நிற்பவரை நாம் இரு பக்கத்தாரும் இழுக்க வேண்டியதில்லை. ‘இவர் உள்ளத்திலே எங்கள் ஆள்’ என்று சபையார் எழுதிக்கொள்வதும், ‘அதெல்லாம் சும்மா, இவர் சைவந்தான்’ என்று உறவினர் அழித்துவிடுவதும் ஒரே வகைச் செயல்தான். இரண்டும் தோம்பெழுதும் பழக்கத்திலிருந்து வருவன. யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகளிலே, புராண ஏடுகளுக்கு நடுவே ஒரு வேதப்புத்தகம் கிடப்பதை இன்றும் காணலாம். உங்கள் வீட்டிலும் இருந்தால் எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தால், அதை வாசித்தவரைப் பற்றி எந்தப் பதிவேடும் சொல்லாத ஒன்று தெரியவரும்.