கரண்டா, கீமோவா?

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிர்ப்புறம் அரசு பொது மருத்துவமனை. 1934இல் திறக்கப்பட்ட பர்னார்ட் கதிரியல் நிலையம் அங்கேதான் இருக்கிறது. மலக்குடல் புற்றுநோய் வந்தவருக்கு ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு தேவை, நம் பேச்சில் சொன்னால் ‘கரண்ட் வைக்கணும்’ என்றால், வழக்கமான முறையில் வாரம் 5 நாள் வீதம் 5 வாரம் அல்லது அதற்குச் சற்று மேல் போய்வர வேண்டும். கூடவே கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை. கீமோ மட்டும் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும். அப்படியானால் கரண்டை விட்டுவிடலாமா? சிலர் விடலாம், பலர் விடக்கூடாது. அந்தச் சிலர் யார் என்று தெரியாமல் ‘கரண்டா, கீமோவா’ என்று கேட்பதில் பொருளில்லை.

மலக்குடல் இடுப்பெலும்புகளுக்கு நடுவே, நெருக்கமான இடத்தில் இருக்கிறது. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஓரத்தில் சில செல்கள் தங்கிவிட்டால் நோய் அதே இடத்தில் திரும்பும். இது ஒரு பயம். ரத்தத்தில் கலந்த செல்கள் கல்லீரலிலோ நுரையீரலிலோ போய் முளைப்பது இன்னொரு பயம். கரண்ட் முதல் பயத்துக்கு வைத்தியம். கீமோ முக்கியமாக இரண்டாவதற்கு. ஸ்வீடனில் 1,168 பேரிடம் நடந்த ஆய்வில் (1997), ஆபரேஷனுக்கு முன் ஒரே வாரம் கதிர்வீச்சு கொடுத்ததில், அதே இடத்தில் நோய் திரும்புவது 27 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. பிற்பாடு மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவைச் சிதையாமல் உறையோடு எடுக்கும் நுட்பம் பரவியது. அந்த நுட்பத்தோடு நடந்த டச்சு ஆய்வில் (2001) கூட இரண்டு ஆண்டுக் கணக்கு 8.2இலிருந்து 2.4 சதவீதமானது. ஆனால் உயிரோடிருந்தவர் எண்ணிக்கை இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. நல்ல ஆபரேஷன் கிடைத்துவிட்டால், உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தூரத்தில் முளைக்கும் நோய்தான் என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது.

அந்த எண்ணத்தை நேராகச் சோதித்தது 2023இல் வெளியான ‘ப்ராஸ்பெக்ட்’ ஆய்வு. 1,128 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தரப்பட்டன. மற்றவர்களுக்கு ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ மட்டும் 6 முறை. கட்டி 20 சதவீதமாவது சுருங்காவிட்டால் அவர்களுக்கும் கரண்ட் உண்டு. ஆபரேஷனுக்கு முன் அப்படித் தேவைப்பட்டவர்கள் 9 சதவீதம்தான். 5 ஆண்டு கழித்து நோயில்லாமல் இருந்தவர்கள் கீமோ தரப்பில் 80.8, கதிர்வீச்சுத் தரப்பில் 78.6 சதவீதம். கரண்ட் இல்லாமலும் காரியம் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆய்வு யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். பக்கத்து உறுப்புக்குள் ஊடுருவிய கட்டி, வெட்டும் ஓரத்தை நெருங்கிவிட்ட கட்டி, ஆசனவாயை எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்கவேண்டிய அளவுக்குக் கீழே இருந்த கட்டி, இவை எதுவும் அதில் இல்லை. நம் ஊரிலோ மலத்தில் ரத்தம் போனால் முதலில் ‘மூலம்’ என்று கை வைத்தியம் பார்க்கிறோம். நோய் முற்றியபிறகுதான் பலர் வருகிறார்கள். அவர்களுக்குக் கரண்டை விடுவது ஆய்வைப் பின்பற்றுவது ஆகாது. இவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் ஒரு வாரக் கதிர்வீச்சும் அதன்பின் கீமோவும் என்ற வழி உண்டு. அதை வழக்கமான முறையோடு ஒப்பிட்ட ‘ராபிடோ’ ஆய்வில், ஆபரேஷனில் எடுத்த திசுவில் புற்றுநோயே மிஞ்சாதவர்கள் 14 சதவீதத்திலிருந்து 28 ஆனார்கள். ஆனால் 5 ஆண்டு முடிவில் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதத்துக்குப் பதில் 10. ஆகவே ‘எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம்’ என்பதும் சரியான விடையல்ல.

‘ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பரவிவிடாதா?’ என்பது வீட்டில் எழும் முதல் கேள்வி. அந்த வாரங்கள் சும்மா கழிவதில்லை, அவையே சிகிச்சை. நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்து, பலன் இல்லையென்றால் வழியை மாற்றலாம். ‘கீமோ மட்டும் என்றால் உடம்புக்கு லேசு’ என்ற எண்ணமும் தவறு. ப்ராஸ்பெக்ட் ஆய்வில் ஆபரேஷனுக்கு முந்தைய காலத்தில் கடுமையான பக்கவிளைவு கீமோ தரப்பில் 41, மறுதரப்பில் 23 சதவீதம். ஃபோல்ஃபாக்ஸில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். சிலருக்கு அது நெடுநாள் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவருக்கு விரல்தான் பிழைப்பு. கரண்டோ கருப்பையையும் சினைப்பையையும் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்றிருக்கும் பெண்ணுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

எனவே வரிசை முக்கியம். முதலில் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் மூன்று கேள்வி: கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? வெட்டும் ஓரத்துக்கு எவ்வளவு பக்கம்? பை நிரந்தரமாக வேண்டியிருக்குமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், அப்போது வேலையையும் வயதையும் ரயில் பயணத்தையும் தராசில் வைக்கலாம். வராவிட்டால், அந்த 5 வாரமும் கொரட்டூரிலிருந்து சென்ட்ரல் போய்வருவதுதான் நியாயம்.