பழைய செட்டா, புதிய செட்டா? தயாரித்தவரே வைத்த பரீட்சை!

கம்பெனி புது மாடல் வெளியிடுகிறது. கடை வாசலில் பெரிய விளம்பரம் தொங்குகிறது.

வீட்டில் ஏற்கனவே ஒரு "ஹை-பை" செட் இருக்கிறது. நேற்றுவரை அது நன்றாகத்தான் பாடியது. விளம்பரத்தைப் பார்த்த பிறகு, அதே பாட்டு ஏனோ மங்கலாகக் கேட்கிறது!

செட் ஒரே இரவில் கெட்டுவிட்டதா? இல்லை. மனசுதான் மாறிவிட்டது.

அப்படியானால் புது மாடல் எல்லாம் வெறும் ஏமாற்றுதானா? அதுவும் இல்லை. சில சமயம் மாற்றத்தான் வேண்டும். எப்போது மாற்றவேண்டும், எப்போது வேண்டாம்? இங்கிலாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றின் கதை இதற்கு நல்ல விடை சொல்கிறது.

ஹண்டிங்டன் எஞ்சினீயர்

அந்தக் கம்பெனியின் சரக்குக்கு "குவாட்" என்று பெயர். தொடங்கியவர் பீட்டர் வாக்கர் என்ற எஞ்சினீயர். 1936-ம் ஆண்டு லண்டனில் தொடங்கினார். இரண்டாவது உலகப்போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. கம்பெனி, ஹண்டிங்டன் என்ற சிறு ஊருக்கு இடம் மாறியது.

அங்கே தயாரான முக்கிய சரக்கு, ஆம்ப்ளிபயர். இசைத்தட்டில் ஊசி ஓடும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அதைக்கொண்டு ஸ்பீக்கரை அசைக்க முடியாது. அதைப் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் ஆம்ப்ளிபயரின் வேலை. பெரிதாக்கினால் மட்டும் போதாது. உள்ளே போனது எப்படி இருந்ததோ, அப்படியே வெளியே வரவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது!

1953-ம் ஆண்டு "குவாட் 2" ஆம்ப்ளிபயர் வெளிவந்தது. உள்ளே கண்ணாடி வால்வுகள். சக்தி, 15 வாட். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரே மாடல் விற்பனையில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு மாடல் போட்டு ஆளை மயக்கும் பழக்கம் வாக்கரிடம் இல்லை.

இரண்டு காதுக்கும் பாட்டு

1958-ம் ஆண்டு ஒரு பெரிய மாறுதல் வந்தது. "ஸ்டீரியோ" இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன.

அதற்கு முன் ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ஸ்பீக்கர் போதும். ஸ்டீரியோவுக்கு எல்லாம் இரண்டு வேண்டும். இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று. அப்போதுதான் பிடில் ஒரு பக்கமும், டிரம் மறுபக்கமும் இருப்பதுபோல் தெரியும்.

இது விளம்பர வித்தை அல்ல. கண்ணை மூடிக் கேட்டாலும் தெரியும் வித்தியாசம். இதற்காகச் செட்டை மாற்றியவர்கள் ஏமாறவில்லை.

ஆனால் பழையதைத் தூக்கி எறிய வேண்டியிருந்ததா? இல்லை! 1959-ல் கம்பெனி "குவாட் 22" என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. ஏற்கனவே ஒரு "குவாட் 2" வைத்திருந்தவர், அதேபோல் இன்னொன்று வாங்கினார். நடுவில் "22" பெட்டியை வைத்தார். ஸ்டீரியோ தயார். பழைய பெட்டிக்கு ஒரு தம்பி கிடைத்தான், அவ்வளவுதான்.

வால்வு போயிற்று, டிரான்சிஸ்டர் வந்தது

1967-ம் ஆண்டு "33" என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும், "303" என்ற ஆம்ப்ளிபயரும் வந்தன. உள்ளே வால்வு இல்லை, டிரான்சிஸ்டர்கள்! பக்கத்துக்கு 45 வாட். 1975-ல் "405" வந்தது. இது பக்கத்துக்கு 100 வாட்.

15, 45, 100! கணக்கைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். 15 வாட் வைத்திருப்பவர், தம்முடையது வெறும் பொம்மை என்று நினைத்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. சற்றுக் கூடியதாகத்தான் காதுக்குத் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கவேண்டும் என்றால், ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 15 வாட்டுக்குப் பதில் 150 வாட்! காதின் அமைப்பு அப்படி.

சரி, சத்தம் கிடக்கட்டும். இனிமை கூடியதா? புதிய "405", பழைய வால்வுப் பெட்டியைவிட நன்றாகப் பாடியதா?

இந்தக் கேள்வியை வேறு யாரும் அல்ல, கம்பெனியே கேட்டது!

எது எந்தப் பெட்டி?

1978-ம் ஆண்டு பரீட்சை நடந்தது. நடத்தியவர் ஜேம்ஸ் மோயர். ஒலித் துறையில் பெயர் பெற்ற எஞ்சினீயர்.

மூன்று ஆம்ப்ளிபயர்கள் பரீட்சைக்கு வந்தன. 1953-ம் ஆண்டின் "குவாட் 2", 1967-ம் ஆண்டின் "303", 1975-ம் ஆண்டின் "405". பாட்டன், தகப்பன், பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தவர்கள் கேட்டுப் பழகியவர்கள். எந்தப் பெட்டி பாடுகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இசையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

எல்லாப் பெட்டிகளின் சத்தமும் ஒரே அளவில் வைக்கப்பட்டது. இது மிக முக்கியம். இரண்டு செட்டில் ஒன்று கொஞ்சம் உரக்கப் பாடினால், அதுதான் "நல்ல செட்" என்று காது சொல்லிவிடும். சத்தம் கூடியிருப்பதே தெரியாது. இனிமை கூடியதாகத் தோன்றும். கடையில் புது செட்டைக் கேட்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. வால்யூம் திருகு கடைக்காரர் கையில் அல்லவா இருக்கிறது!

முடிவு என்ன?

கேட்டவர்களால் பெட்டிகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொன்ன விடைகள், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பார்த்துச் சொன்னால் எவ்வளவு சரியாக இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் சரியாக இருந்தன. 25 ஆண்டுப் பழைய வால்வுப் பெட்டியும், புத்தம் புதிய 100 வாட் பெட்டியும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான்!

இந்த முடிவு "ஒயர்லெஸ் வேர்ல்டு" என்ற ஆங்கிலப் பத்திரிகையில் அதே ஆண்டு வெளியாயிற்று. "405" அப்போது கடையில் விற்றுக்கொண்டிருந்த சரக்கு. தன் புதிய சரக்கு பழையதைவிட இனிமையாகப் பாடவில்லை என்பதை ஊரறியச் செய்த வியாபாரியை எங்கே பார்க்க முடியும்?

வாக்கரின் கொள்கை அதுதான். நன்றாகச் செய்த ஆம்ப்ளிபயர்கள், சக்திக்கு மீறி முடுக்காதவரையில், ஒன்றுபோலவே கேட்கவேண்டும் என்பார் அவர். வித்தியாசம் கேட்டால் இரண்டில் ஒன்று சரியில்லை என்று அர்த்தம்.

பிறகு புதிய மாடல் எதற்கு? வால்வு சூடாகும், நாளடைவில் தேய்ந்துபோகும், மாற்றவேண்டும். டிரான்சிஸ்டர் பெட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. பெரிய ஹாலில் உரக்கக் கேட்பவருக்கு 15 வாட் போதாது. இப்படிப்பட்ட காரணங்கள் உள்ளவர் வாங்கினார். இல்லாதவர் வாங்கவேண்டிய அவசியம் இல்லை.

புதியது பழையதை எரிக்கும்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

1957-ம் ஆண்டு குவாட் கம்பெனி ஒரு விசித்திரமான ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர், "இ.எஸ்.எல்." பார்த்தால் குளிர்காயும் அடுப்புபோல் இருக்கும். மற்ற ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு அசையும். இதில் கூம்பே இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே நிற்கும். அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம் கொடுப்பார்கள். தாள் அதிரும், பாட்டு வரும். 1985 வரை இதைச் செய்தார்கள். இன்றும் இதைப் பொன்போல் பாதுகாப்பவர்கள் உண்டு.

ஆனால் இந்தத் தாளுக்கு ஓர் அளவு உண்டு. அதற்குமேல் வோல்டேஜ் கொடுத்தால் உள்ளே மின்பொறி பறக்கும். தாளில் துளை விழும். பிறகு ஸ்பீக்கரைப் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

"303" ஆம்ப்ளிபயர் அந்த அளவைத் தாண்டாது. "405" தாண்டிவிடும்! ஆகவே, பழைய இ.எஸ்.எல். வைத்திருப்பவர்களுக்காக, "405"-ன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் கம்பெனியே கொடுத்தது. அது தெரியாமல் பழைய "405" ஒன்றை வாங்கி மாட்டுகிறவர், நல்ல ஸ்பீக்கரைத் தம் கையாலேயே கெடுத்துக்கொள்வார்.

2024-ம் ஆண்டு, "33", "303" என்ற அதே பெயரில், பழைய சாயலில், குவாட் புதிய பெட்டிகளை வெளியிட்டது. வாக்கர் 2003-லேயே காலமாகிவிட்டார். கம்பெனி சீனர்கள் கைக்குப் போயிருந்தது. புதிய "33"-க்கு ரிமோட் உண்டு. நாற்காலியை விட்டு எழ முடியாத முதியவர்களுக்கு அது ஒன்றே போதும் காரணம். பழைய "303"-ல் காய்ந்துபோவது பெரும்பாலும் உள்ளே உள்ள கண்டென்சர்கள்தான். ரிப்பேர் தெரிந்தவர் அவற்றை மாற்றினால் அது மறுபடியும் பல ஆண்டு பாடும்.

வீட்டிலேயே பரீட்சை

கடையில் ஒரு வாரத்துக்குப் புது ஆம்ப்ளிபயரைக் கொடுத்தால், மோயர் செய்ததை வீட்டிலேயே செய்யலாம். பழைய ஸ்பீக்கரையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆம்ப்ளிபயரும் ஒரே சத்தம் தரும்படி மீட்டர் வைத்துச் சரிசெய்யவேண்டும், காதை நம்பக்கூடாது.

கேட்பவர் திரும்பி உட்காரட்டும். இன்னொருவர் காசு சுண்டி, பூவா தலையா பார்த்து, ஏதாவது ஒன்றில் கம்பியை மாட்டட்டும். கம்பியைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்திவிடவேண்டும். இப்படி 20 தடவை.

15 தடவையாவது சரியாகச் சொன்னால், வித்தியாசம் இருக்கிறது என்று நம்பலாம். 10, 11 தடவைதான் சரி என்றால், அந்தக் காசே அவ்வளவு மார்க் வாங்கிவிடும்!